ட்ரஸ்டி தேர்தலுக்கு வீடு வீடாகப் போனபோது தெரிந்துகொண்டவை

நகரசபைத் தேர்தல் வந்துவிட்டால் கனடாவின் ரொறொன்ரோ நகரத்து ஸ்காபரோவில் எங்கள் ஆட்களின் கதை முழுக்க மேயரைப் பற்றித்தான். அதற்கு அடுத்தபடியாக நகரசபை உறுப்பினர். அதே வாக்குச்சீட்டில் கல்விச் சபைக்கு ஒரு ட்ரஸ்டியையும் தெரிவு செய்யவேண்டும் என்பது, வாக்குச்சாவடிக்குள் போய்ச் சீட்டைக் கையில் வாங்கிய பிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது. பெயர்களை ஒருமுறை பார்ப்பார்கள். ஒருவரையும் தெரியாது. அந்தப் பகுதியை வெறுமையாக விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். எங்கள் பிள்ளைகள் படிக்கும் பாடசாலைகளின் வரவு செலவுத் திட்டத்துக்குக் கை உயர்த்தப் போகிறவர் அந்தப் பெயர்களில் ஒருவர் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் பொறுக்காது.

2022 ஒக்ரோபர் 24 தேர்தலில் என் சிநேகிதி ஒருவர் ட்ரஸ்டி பதவிக்குப் போட்டியிட்டார். பனி கரைந்த காலத்திலிருந்து வாக்கு எண்ணிய இரவு வரை அவருடைய பிரசார வேலைகளை ஒழுங்குபடுத்தியது நான். அவருடைய பெயரும் வட்டாரமும் இங்கே தேவையில்லை. அவரோடு அலைந்து தெரிந்துகொண்டவற்றை, இனிமேல் நிற்க நினைப்பவர்களுக்கும் வாக்களிக்கப் போகிறவர்களுக்கும் பயன்படும் என்றுதான் எழுதுகிறேன்.

அவர் அரசியல் ஆள் இல்லை. ஒரு பல் வைத்தியரின் கிளினிக்கில் வரவேற்பு மேசையில் வேலை. மகனுக்கு வாசிப்பதில் சிரமம் இருந்தது. பாடசாலையில் மதிப்பீட்டுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்கள். ஒரு வகுப்பு முடிந்து அடுத்த வகுப்புக்கும் பிள்ளை போய்விட்டான், உளவியலாளரின் முறை வரவில்லை. அதிபரிடம் போனால், "எனக்கு விளங்குது, ஆனால் ஆட்களை எடுப்பது என் கையில் இல்லை" என்கிறார். மேலே கேட்டால் இந்த வருட நிதியில் இவ்வளவுதான் என்று பதில். நிதியை யார் தீர்மானிக்கிறார்கள் என்று தேடிக்கொண்டு போனபோதுதான் கல்விச் சபை, ட்ரஸ்டி என்ற விஷயமே அவருக்கு முன்னால் வந்து நின்றது. தன் வட்டாரத்து ட்ரஸ்டி யார் என்று அதுவரை அவருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

ட்ரஸ்டியால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். சபையின் வரவு செலவுத் திட்டம், கொள்கைகள், பாடசாலை எல்லைகள், கல்விப் பணிப்பாளரை நியமிப்பது எல்லாம் ட்ரஸ்டிகள் கூடி வாக்கெடுத்து முடிவுசெய்பவை. தனி ஒரு ட்ரஸ்டியால் ஒரு அதிபருக்குக் கட்டளை போட முடியாது. வரி விதிக்கவும் முடியாது. 1997இல் மாகாண அரசு கொண்டுவந்த சட்டத்தோடு கல்வி வரியும் நிதிப் பங்கீடும் முழுக்க மாகாணத்தின் கைக்குப் போய்விட்டன. பாடத்திட்டமும் கல்வி அமைச்சினுடையது. இவ்வளவு குறைத்த பிறகும் அந்த மேசையில் மிஞ்சியிருப்பது சின்ன விஷயமில்லை. அதைவிட, ஒரு பெற்றோருக்குப் பாடசாலையில் கதவு அடைபட்டால், அவருக்காக நிர்வாகத்துக்கு அழைப்பெடுத்து "இந்தப் பிள்ளையின் விஷயம் என்ன ஆச்சு" என்று கேட்கும் ஆள் ட்ரஸ்டிதான். ஆங்கிலத்தில் நீண்ட மின்னஞ்சல் எழுதத் தெரியாத ஒரு தாய்க்கு அந்த ஒரு அழைப்பின் பெறுமதி என்னவென்று எங்கள் சமூகத்துக்குச் சொல்லிக்காட்ட வேண்டியதில்லை.

ஒன்ராறியோ மாகாணத்தில் மொத்தம் 72 மாவட்டக் கல்விச் சபைகள். ஆங்கிலப் பொதுச் சபை, ஆங்கிலக் கத்தோலிக்கச் சபை, பிரெஞ்சுப் பொதுச் சபை, பிரெஞ்சுக் கத்தோலிக்கச் சபை என்று நான்கு வகை. 2022 தேர்தலில் ரொறொன்ரோ மாவட்டக் கல்விச் சபைக்கு 22 வட்டாரங்கள், வட்டாரத்துக்கு ஒரு ட்ரஸ்டி. நகரசபைக்கு 25 வட்டாரங்கள். இரண்டின் எல்லைகளும் ஒன்றல்ல. எங்கள் தெருவுக்கு நகரசபையில் ஒரு வட்டார எண், கல்விச் சபையில் வேறொரு எண். நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒக்ரோபர் மாதத்தின் நான்காவது திங்கட்கிழமை, நகரசபைத் தேர்தலோடு சேர்த்தே இதுவும் நடக்கும். அதிக வாக்கு எடுத்தவர் வெற்றி. பாதிக்கு மேல் எடுக்கவேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. சீட்டில் கட்சிப் பெயர் இருக்காது. குடும்பப் பெயரின் அகரவரிசையில் பெயர்கள் மட்டும் இருக்கும். கட்சியைப் பார்த்துக் குத்திவிட்டுப் போகும் வழி இல்லாததால், உங்கள் பெயரை வாக்காளர் முன்பே கேள்விப்பட்டிருக்க வேண்டும். பிரசாரம் என்று நாங்கள் செய்தது முழுக்க இதற்காகத்தான்.

மனுத் தாக்கல் செய்வது பலர் நினைப்பதைவிட எளிது. மே தொடக்கத்திலிருந்து ஓகஸ்ட் மூன்றாவது வெள்ளிக்கிழமை பிற்பகல் 2 மணி வரை நகரசபையின் தேர்தல் அலுவலகத்தில் பதியலாம். கட்டணம் 100 டொலர். நகரசபைக்கு நிற்பவர் 25 வாக்காளர்களிடம் கையெழுத்து வாங்கவேண்டும், ட்ரஸ்டிக்கு அது கிடையாது. 18 வயது நிரம்பிய கனடியக் குடியுரிமையாளராக, அந்தச் சபையின் எல்லைக்குள் வசிப்பவராக, அந்தச் சபைக்கு வாக்களிக்கும் தகுதி உள்ளவராக இருக்கவேண்டும். ஏதாவது ஒரு கல்விச் சபையில் வேலை செய்கிறவர் என்றால், மனுப் போடுவதற்கு முன்பே சம்பளமில்லாத விடுப்பு எடுக்கவேண்டும், வென்றால் வேலையை விடவேண்டும். எங்களுக்குத் தெரிந்த ஒரு ஆசிரியர் நல்ல ஆர்வத்தோடு இருந்தார். வீட்டுக் கடன் கட்டுகிற குடும்பம். இதைக் கேட்டதும் ஒதுங்கிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது.

மனுப் போடும் வரை ஒரு சதம்கூடச் சேர்க்கக்கூடாது, செலவழிக்கவும் கூடாது. அதனால் ஓகஸ்ட் வரை இழுக்காமல் முன்கூட்டியே பதிவது நல்லது. பதிந்த கையோடு தேர்தலுக்கென்று தனி வங்கிக் கணக்குத் திறக்கவேண்டும். எங்கள் சமூகத்தில் வழக்கத்தோடு சட்டம் முட்டுகிற இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்கள் ஆட்கள் தாராளமானவர்கள். ஒரு நல்ல காரியம் என்று போய்க் கடை வாசலில் நின்றால், முதலாளி மேசை லாச்சியைத் திறந்து கடையின் காசோலைப் புத்தகத்தைத்தான் எடுப்பார். கோயில் திருவிழாவுக்கும் ஊர்ச் சங்கத்து ஒன்றுகூடலுக்கும் அப்படித்தானே கொடுத்துப் பழக்கம். தேர்தலுக்கு அது ஆகாது. நிறுவனங்களும் தொழிற்சங்கங்களும் வேட்பாளருக்குப் பணம் கொடுப்பதைச் சட்டம் தடுக்கிறது. தனி ஆள், அதுவும் ஒன்ராறியோவில் வசிக்கிற ஆள், தன் சொந்தக் கணக்கிலிருந்துதான் தரலாம். ஒரு வேட்பாளருக்கு ஒருவர் ஆகக்கூடியது 1,200 டொலர். காசாகத் தருவதென்றால் 25 டொலருக்கு மேல் கூடாது. மொத்தம் 100 டொலருக்கு மேல் கொடுத்தவரின் பெயர் கணக்கறிக்கையில் போகும், அதை யாரும் பார்க்கலாம். பாரிசில் இருக்கும் என் சிநேகிதியின் தம்பி ஆசையோடு பணம் அனுப்புகிறேன் என்றான். அதையும் வேண்டாம் என்று சொல்லவேண்டி வந்தது.

ரோல்ஸ் விஷயம் ஒன்று நடந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை தொண்டர்கள் எல்லோரும் கூடுவதாக இருந்தது. நாங்கள் வழக்கமாகச் சாப்பாடு எடுக்கும் கடைக்காரர் ஒரு பெரிய தட்டு நிறைய மட்டன் ரோல்ஸ் அடுக்கி, மேலே வெள்ளித்தாள் சுற்றி வைத்திருந்தார். காசை நீட்டினேன். "என்ன தங்கச்சி, இதுக்கும் காசா? பிள்ளைகளுக்காக நிக்கிறா, எங்கட பங்குக்கு இதாவது இருக்கட்டும்" என்று கையைத் தட்டிவிட்டார். இலவசமாகத் தரும் பொருளும் நன்கொடைதான், அது கடையிலிருந்து வந்தால் நிறுவனத்தின் நன்கொடை. "அண்ணை, நீங்கள் இதைச் சும்மா தந்தால் அவவுக்குத்தான் பிரச்சினை வரும். பில்லைப் போட்டுத் தாங்கோ" என்று விளக்கினேன். முதலில் முகம் வாடிவிட்டது. பிறகு கையால் பில் எழுதித் தந்தார். அந்தக் கிழமையே தன் சொந்தக் கணக்கிலிருந்து 50 டொலர் காசோலை ஒன்றும் தந்தார். அவருக்கு உதவ மனமிருந்தது, வழியைத்தான் சொல்லவேண்டியிருந்தது. பலரும் இப்படித்தான். கொடுக்க வருகிறவரைத் திருப்பி அனுப்பிவிடாமல், நின்று இரண்டு நிமிடம் கதைத்து வழியைக் காட்டவேண்டும்.

பணம் சேர்ப்பதில் இன்னொரு கஷ்டமும் இருக்கிறது. ரொறொன்ரோவில் மேயருக்கும் நகரசபை வேட்பாளர்களுக்கும் கொடுக்கும் நன்கொடையில் ஒரு பகுதியை நகரசபை திருப்பித் தரும் திட்டம் இருக்கிறது. ட்ரஸ்டி வேட்பாளருக்குக் கொடுத்தால் அது கிடைக்காது. வருமான வரியிலும் கழிவு இல்லை. ஆகவே, இருப்பதை வைத்து எதைச் செய்வது என்பதுதான் எங்கள் கேள்வி. செலவு உச்சவரம்பு 5,000 டொலரும் வாக்காளர் ஒருவருக்கு 85 சதமும் சேர்ந்தது. ஒரு வட்டாரத்தின் வாக்காளர் தொகையோடு பெருக்கினால் அது பெரிய தொகை. நாங்கள் அதன் கிட்டேயும் போகவில்லை. துண்டுப் பிரசுரமும் கொஞ்சம் புல்வெளிப் பலகைகளும் அச்சடித்தோம். மற்றதெல்லாம் வீடு வீடாக நடந்து செய்த வேலைதான்.

பலகை நடுவதற்கும் நாள் கணக்கு உண்டு. தேர்தலுக்கு 25 நாட்களுக்கு முன்புதான் தொடங்கலாம். பலகைகளுக்காகச் சண்டை பிடிக்கிற, இரவில் போய் எண்ணிப் பார்க்கிற தொண்டர்களை நான் கண்டிருக்கிறேன். என் அபிப்பிராயம், ட்ரஸ்டி தேர்தலில் பலகையில் செலவாகும் நேரத்தை வாசலில் செலவழிப்பது மேல். பலகையைப் பார்த்தவருக்குப் பெயர் நினைவிருக்கும். வாசலில் சந்தித்தவருக்கு ஆள் நினைவிருக்கும்.

வாசலுக்குப் போகிறவர்களிடம் வாக்காளர் பட்டியல் இருக்கவேண்டும். செப்டெம்பர் தொடக்கத்தில், எழுத்தில் கேட்டால் தேர்தல் அலுவலகம் தரும். அந்தப் பதவிக்கு வாக்களிக்கத் தகுதியானவர்களின் பெயர்கள் மட்டுமே அதில் வரும். பட்டியலோடு தெருவில் இறங்கியபோது எங்களுக்கு இரண்டு விஷயங்கள் விளங்கின.

ஒன்று, பேஸ்மென்ற்றில் வாடகைக்கு இருப்பவர்கள் அநேகமாகப் பட்டியலில் இல்லை. அந்த ஆண்டுப் பட்டியல் சொத்து மதிப்பீட்டு நிறுவனமான எம்பாக்கின் பதிவுகளிலிருந்து வந்தது. 2024 தொடக்கத்திலிருந்து அந்தப் பொறுப்பு மாகாணத் தேர்தல் அமைப்பான எலெக்சன்ஸ் ஒன்ராறியோவிடம் போயிருக்கிறது. வீட்டுக்காரரின் பெயர் இருக்கும், கீழே இருக்கும் குடும்பத்தின் பெயர் இருக்காது. பெயர் இல்லையென்றால் வாக்கில்லை என்றுதான் எங்கள் சனம் நினைக்கிறது. அது சரியில்லை. வாக்களிக்கும் நாளில் சாவடியிலேயே பெயரைச் சேர்த்துக்கொண்டு வாக்களிக்கலாம். பெயரும் ரொறொன்ரோ முகவரியும் உள்ள ஆவணம் வேண்டும், அவ்வளவுதான். படம் இருக்கவேண்டும் என்பதில்லை. வயதானவர்கள் பாஸ்போர்ட்டையும் ஹெல்த் கார்டையும் பத்திரமாகப் பைக்குள் வைத்துக் கொண்டுவருவார்கள். இரண்டிலும் அச்சிட்ட முகவரி கிடையாது, ஆகவே உதவாது. வங்கிக் கணக்கறிக்கை, தண்ணீர் பில், வரி அறிவித்தல், ஓய்வூதியக் கடிதம் இதில் ஏதாவது ஒன்று இருந்தாலே போதும். இதைத் தமிழில் பெரிய எழுத்தில் ஒரு தாளில் அடித்து வாசலில் கொடுத்தோம். எங்கள் துண்டுப் பிரசுரத்தைவிட இந்தத் தாளைத்தான் பலர் குளிர்சாதனப் பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருந்தார்கள்.

இரண்டாவது, தான் எந்தச் சபைக்கு வாக்களிப்பவர் என்பது பாதிப்பேருக்குத் தெரியாது. ஒன்றும் பதியாமல் இருந்தால் ஆங்கிலப் பொதுச் சபை வாக்காளர் என்றே கணக்கு. கத்தோலிக்கச் சபைக்கு வாக்களிக்க நீங்கள் கத்தோலிக்கராக இருக்கவேண்டும், அந்தச் சபையின் ஆதரவாளராகப் பதிந்தும் இருக்கவேண்டும். இதில் எங்கள் ஆட்களுக்கு வரும் குழப்பம் தனி. ஒன்ராறியோவில் கத்தோலிக்க உயர்நிலைப் பாடசாலைகள் மற்றச் சமயப் பிள்ளைகளையும் சேர்க்கின்றன. சைவக் குடும்பத்துப் பிள்ளைகள் பலர் அங்கே படிக்கிறார்கள். "என்ர மகள் கத்தோலிக்கப் பாடசாலையிலதானே படிக்கிறாள், நான் எப்படி உங்களுக்குப் போடுறது?" என்று ஒரு ஐயா கதவைச் சாத்தப் போனார். மகள் எங்கே படித்தாலும் அவருடைய வாக்கு பொதுச் சபைக்குத்தான் என்று பட்டியலில் அவர் பெயரைக் காட்டிச் சொன்னோம். மறுபக்கம், கத்தோலிக்கரான ஒரு அக்கா பொதுச் சபை வாக்காளராகப் பதிவாகியிருந்தார். தன் கோயில் பங்கிலிருந்து நிற்பவருக்குப் போட ஆசைப்பட்டார். பதிவை மாற்றும் வழியை அவருக்குச் சொல்லிக்கொடுத்தோம். எங்களுக்கு ஒரு வாக்குக் குறையும்தான். ஆனாலும் சொல்லவேண்டியதைச் சொல்லத்தானே வேண்டும்.

அப்பார்ட்மென்ற் கட்டடங்களில்தான் எங்கள் சனம் செறிவாக இருக்கிறது, உள்ளே போவதுதான் கஷ்டம். மார்க்கம் வீதிப் பக்கம் ஒரு கட்டடத்தில், "இங்கே விற்பனையாளர்களுக்கு அனுமதி இல்லை" என்று கட்டடப் பராமரிப்பாளரான சூப்பர் எங்களை லொபியிலேயே மறித்துவிட்டார். நகரசபைத் தேர்தல் சட்டத்தின்படி காலை 9 மணியிலிருந்து இரவு 9 மணி வரை வேட்பாளரும் அவருடைய பிரதிநிதியும் கட்டடத்துக்குள் போய் வாக்குக் கேட்பதை யாரும் தடுக்க முடியாது. அந்தப் பிரிவை அச்செடுத்து என் பைக்குள் வைத்திருந்தேன். சத்தம் போடாமல் நீட்டினேன். அவர் வாசித்துவிட்டு மேலதிகாரிக்கு அழைப்பெடுத்தார், பிறகு லிஃப்டைக் காட்டினார். மேல்மாடியில் தொடங்கிப் படியால் கீழே இறங்கி வந்தால் லிஃப்டுக்குக் காத்திருக்கும் நேரம் மிச்சம். இரவுச் சாப்பாட்டு வேளைக்கு முந்திய நேரம்தான் நல்லது. கறி வாசம் வரும் கதவைத் தட்டினால் தமிழில் தொடங்கலாம் என்று எங்கள் தொண்டர் பிள்ளைகள் சொல்வார்கள், அது அநேகமாகச் சரியாகவே இருந்தது.

வாசலில் என்ன கேட்டார்கள்? விசேட கல்விக்குக் காத்திருப்பது, பாடசாலை வளவில் தற்காலிகமாக வைத்த போர்ட்டபிள் வகுப்பறையில் குளிர், இரண்டு வகுப்பு ஒன்றாகச் சேர்த்த வகுப்பு, சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு தூரமான பாடசாலையில் நடப்பது. இவற்றுக்கெல்லாம் ட்ரஸ்டியிடம் கேட்பது நியாயம். இன்னும் நிறையப் பேர் கேட்டது பாலியல் கல்விப் பாடத்திட்டம் பற்றி. 2015இல் தொடங்கிய அந்தச் சர்ச்சை வீட்டு வரவேற்பறைகளில் இன்னும் ஓயவில்லை. "வந்தால் அதை நிறுத்துவீங்களோ?" என்று நேராகக் கேட்பார்கள். நிறுத்துவேன் என்று சொன்னால் ஒரு வீட்டிலேயே நாலு வாக்கு. என் சிநேகிதி ஒருநாளும் அப்படிச் சொல்லவில்லை. "பாடத்திட்டத்தை மாகாணம்தான் எழுதுது. அது ட்ரஸ்டியின்ர கையில் இல்லை. பிள்ளைக்கு என்ன படிப்பிக்கிறாங்கள் எண்டு முன்கூட்டியே உங்களுக்கு அறிவிக்க வைக்க என்னால முயற்சி செய்யலாம்" என்பார். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். வேறு வேட்பாளர்கள் வேறு மாதிரிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள் என்பது அடுத்த வாசலிலேயே தெரிந்தது. முடியாததை வாக்குறுதியாகக் கொடுக்கக்கூடாது என்பதில் நான் அவர் பக்கம்தான். பிள்ளைகளின் விஷயத்தில் பொய் சொல்லி வரும் வாக்கை வைத்து என்ன செய்வது?

தமிழர் என்பதைச் சொல்லியும் வாக்குக் கேட்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நீதன் சாண் 2006இல் யோர்க் பிராந்தியக் கல்விச் சபைக்குத் தெரிவானார். அதே சபைக்கு 2010இல் வந்த யுவனிற்றா நாதன் 2022இல் மார்க்கம் நகரசபைக்கும் 2025இல் நாடாளுமன்றத்துக்கும் போனார். 2014இல் ரொறொன்ரோ கல்விச் சபைக்கு வந்த பார்த்தி கந்தவேள் 2023இல் நகரசபை உறுப்பினரானார். எங்கள் சமூகம் இந்த நாட்டு அரசியலுக்குள் நுழைந்த வாசல்களில் கல்விச் சபையும் ஒன்று. ஆனால் தமிழ் என்ற ஒன்றை மட்டும் வைத்து வெல்ல முடியாது. ஒரே வட்டாரத்தில் இரண்டு மூன்று தமிழர் நின்றால் வாக்குப் பிரியும். எங்கள் தெருக்களில் பிலிப்பினோக்களும் கயானாக்காரரும் சோமாலியரும் சீனரும் இருக்கிறார்கள், அவர்களுடைய பிள்ளையும் அதே போர்ட்டபிளில்தான் குளிரில் நடுங்குகிறது. எங்களுக்குக் கிடைத்த உற்சாகமான தொண்டர்களில் சிலர் அந்தத் தாய்மார்கள். ஒரு கயானா அம்மா தன் கட்டடத்தில் தான் அறிந்த அத்தனை கதவுகளுக்கும் எங்களைக் கூட்டிக்கொண்டு போனார். அப்படி ஒருவர் பக்கத்தில் நின்று அறிமுகம் செய்தால் நாங்கள் பேசவேண்டியதே குறைவு.

முன்கூட்டி வாக்களிக்கும் நாட்கள் ஒக்ரோபர் 7 முதல் 14 வரை இருந்தன. வயதானவர்களை அந்த நாட்களிலேயே கூட்டிப்போக முயன்றோம். தேர்தல் நாள் வேலை நாள், இரவு வேலைக்குப் போகிறவர்கள் பகலில் நித்திரை. சாவடி காலை 10 மணியிலிருந்து இரவு 8 மணி வரை. யார் யார் எங்களுக்குப் போடுவதாகச் சொன்னார்கள் என்று வாசலில் நின்றபோதே பட்டியலில் அடையாளமிட்டு வைத்திருந்தோம். அன்றைக்கு அந்த வீடுகளுக்கு மட்டும்தான் அழைப்பெடுத்தோம். புதிதாக ஒருவரின் மனதை மாற்ற அன்றைக்கு நேரமில்லை. மனம் வைத்திருப்பவர் வீட்டை விட்டு இறங்கவேண்டும், அதுதான் வேலை. எல்லோரிடமும் ஒரே வசனத்தைச் சொன்னோம்: "சீட்டு முழுக்கப் பாருங்கோ, மேயரோட நிப்பாட்டிப் போடாதேங்கோ."

சாவடிகள் மூடியதும் இயந்திரங்கள் எண்ணத் தொடங்கிவிடும். சிறிது நேரத்திலேயே முடிவுகள் திரையில் ஏறிவிட்டன. என் சிநேகிதி இரண்டாவதாக வந்தார். ரொறொன்ரோ முழுக்க அந்தத் தேர்தலில் மூன்றில் ஒரு பங்கு வாக்காளர்கள்கூட வரவில்லை. வந்தவர்களிலும் ட்ரஸ்டி பகுதியை விட்டவர்கள் இருக்கிறார்கள். ஆகவே வென்றவருக்கும் தோற்றவருக்கும் இடையில் உள்ள தூரம் ஒரு சில உயர்ந்த கட்டடங்களில் இருக்கும் ஆட்களின் தொகைதான். அந்த இரவு எனக்கு வந்தது கவலையைவிடக் கோபம். வெல்ல முடியாத தேர்தல் இல்லை இது. வரக்கூடியவர்கள் வரவில்லை.

தோற்றாலும் வென்றாலும் வேலை முடியவில்லை என்பதை வேட்பாளர்கள் மறக்கக்கூடாது. அடுத்த ஆண்டு மார்ச் மாதக் கடைசி வெள்ளிக்கிழமைக்குள் கணக்கறிக்கை கொடுக்கவேண்டும். அந்த முறை அது 2023 மார்ச் 31. ஒரு சதமும் செலவழிக்காதவரும் கொடுக்கவேண்டும். கொடுக்காவிட்டால் அடுத்த பொதுத் தேர்தல் முடியும்வரை நிற்க முடியாது. உரிய நேரத்தில் கொடுத்தால் கட்டிய 100 டொலர் திரும்பி வரும். வரவோ செலவோ 10,000 டொலரைத் தாண்டினால் கணக்காய்வாளரின் அறிக்கையும் வேண்டும், எங்களுக்கு அது தேவைப்படவில்லை. ரோல்ஸ் பில் உட்பட எல்லாம் ஒரு சப்பாத்துப் பெட்டிக்குள் திகதி வாரியாக இருந்ததால் ஒரு பின்னேரத்தில் முடித்துவிட்டோம்.

2025 ஜூனில் மாகாண அரசு ரொறொன்ரோவின் ஆங்கிலப் பொதுச் சபை, கத்தோலிக்கச் சபை இரண்டையும் நிதி நிர்வாகத்தைக் காரணம் காட்டி மேற்பார்வையாளர்களின் கீழ் கொண்டுவந்தது. ட்ரஸ்டிகளின் அதிகாரம் அவர்களிடம் போனது. ட்ரஸ்டி முறையே தேவையா என்று கல்வி அமைச்சர் போல் கலன்ட்ரா வெளிப்படையாகக் கேள்வி எழுப்பினார். "பார்த்தியா, இதுக்கோ இவ்வளவு அலைஞ்சீங்கள்" என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. சபைகளில் வீண் செலவும் வீண் சண்டையும் இருந்ததில்லை என்று நான் வாதாட மாட்டேன். ஆனால் ஒரு ட்ரஸ்டி சரியில்லையென்றால் நான்கு ஆண்டில் அவரை மாற்ற எனக்கு வாக்கிருக்கிறது. மேற்பார்வையாளரை அப்படி மாற்ற எனக்கு வழியில்லை. மகனின் மதிப்பீட்டுக்காக அலைந்த தாய்க்கு யாரைக் கேட்பது என்ற கேள்வி திரும்பவும் முன்னைய இடத்துக்கே வந்து நிற்கிறது. எனக்கு இது பெரிய இழப்பாகவே தெரிகிறது.

இதற்கிடையில், பலருக்குத் தெரியாத இன்னொரு தேர்தல் ஒவ்வொரு பாடசாலையிலும் ஒவ்வொரு ஆண்டும் நடக்கிறது. பாடசாலைச் சபை என்று சொல்வது, கல்விச் சபை வேறு, அதிபருக்கு ஆலோசனை சொல்லும் இந்தச் சபை வேறு. கல்வி ஆண்டு தொடங்கி 30 நாட்களுக்குள் அதற்குத் தேர்தல் வைக்கவேண்டும், குறைந்தது 14 நாட்களுக்கு முன்பு பெற்றோருக்கு எழுத்தில் அறிவிக்கவேண்டும், வாக்கு இரகசியமாக இருக்கவேண்டும். அந்தப் பாடசாலையில் பிள்ளை படித்தால் போதும், ஒரு வாக்கு உண்டு, நிற்கவும் உரிமை உண்டு. குடியுரிமை கேட்பதில்லை. இலங்கையிலிருந்தும் இந்தியாவிலிருந்தும் அண்மையில் வந்து, நிரந்தர வதிவுரிமையோடு இருக்கும் பெற்றோர் ட்ரஸ்டிக்கு வாக்களிக்க முடியாது. இதற்கு முடியும். சபையில் பெற்றோரே பெரும்பான்மையாக இருக்கவேண்டும், தலைவர் பெற்றோராகத்தான் இருக்கவேண்டும், ஆண்டுக்குக் குறைந்தது நான்கு முறை கூடவேண்டும். சபை சொல்லும் ஆலோசனையை அதிபர் எடுத்துத்தான் ஆகவேண்டும் என்றில்லை, ஆனால் என்ன செய்தார் என்று பதில் சொல்லவேண்டும்.

எங்களோடு பிரசாரத்துக்கு வந்த ஒரு பிள்ளை, கோயம்புத்தூரிலிருந்து வந்தவர், வதிவுரிமை மட்டும் உள்ளவர். மற்றவர்களின் வாக்குக்காகப் படியேறி இறங்கியவர், தனக்கு வாக்கில்லையே என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அடுத்த செப்டெம்பரில் தன் மகளின் பாடசாலைப் பையைத் துழாவி, மடிந்துபோயிருந்த அறிவித்தல் தாளைக் கண்டுபிடித்து, பெயர் கொடுத்தார். போட்டியும் இருந்தது, தேர்வாகிவிட்டார். முதல் கூட்டத்துக்கு அவர் எடுத்துக்கொண்டு போன கேள்வி, எங்கள் பாடசாலையில் மதிப்பீட்டுக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் எத்தனை பேர், எவ்வளவு காலமாக என்பது. அதற்குப் பதில் எழுத்தில் வேண்டும் என்று கூட்டக் குறிப்பில் பதியவைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார்.